மறுபடியும் பிறத்தல்: திடப்படுத்தல் வகுப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சபையில் பல வருடங்களாகத் திடப்படுத்தல் வகுப்பு எடுத்து வருகிறேன். குழந்தையில் ஞானஸ்நானம் பெற்றவர்கள் விவரமறிந்த வயதில் தங்கள் வாயால் விசுவாசத்தை அறிக்கையிட ஆயத்தப்படுத்தும் வகுப்பு இது. வருகிறவர்களில் பெரும்பாலோர் பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகள். சில நேரம் பெற்றோரும் பின்பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார்கள். பெரியவர்களான பிறகு ஞானஸ்நானம் பெற விரும்பும் ஓரிருவரும் வருவதுண்டு. வேதாகமத்தில் யோவான் சுவிசேஷத்தின் 3ஆம் அதிகாரத்தைத் திறந்ததும் வருடாவருடம் ஏறக்குறைய இதே கேள்விகள் எழும். வகுப்பில் மணி அடிப்பதற்குள் சொல்லி முடித்த பதில்கள் எனக்கே நிறைவாக இல்லை. அதனால் இங்கே நிதானமாக எழுதியிருக்கிறேன். வசனங்கள், நம் வீடுகளில் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பிலிருந்து.

'மறுபடியும் பிறக்க வேண்டும்' என்ற பேச்சு எங்கிருந்து வந்தது?

ஓர் இராத்திரி உரையாடலிலிருந்து. நிக்கொதேமு ஒரு பரிசேயர் (நியாயப்பிரமாணம் என்னும் வேதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் யூதப் பிரிவினர்), யூதருக்குள்ளே அதிகாரி, வேதம் கற்பிக்கிறவர். அவர் இரவு நேரத்தில் இயேசுவைத் தேடி வருகிறார். "ரபீ, நீர் தேவனிடத்திலிருந்து வந்த போதகர் என்று அறிந்திருக்கிறோம்" என்று மிகுந்த மரியாதையோடு தொடங்குகிறார். இயேசு நேரே விஷயத்துக்கு வந்துவிடுகிறார்: "ஒருவன் மறுபடியும் பிறவாவிட்டால் தேவனுடைய ராஜ்யத்தைக் காணமாட்டான்."

இங்கே கிரேக்க மூலத்தில் இருக்கும் சொல் 'அனோதென்'. அதற்கு 'மறுபடியும்' என்றும் பொருள் உண்டு, 'மேலிருந்து' என்றும் பொருள் உண்டு. நிக்கொதேமு முதல் பொருளை மட்டும் பிடித்துக்கொண்டு, முதிர்வயதானவன் தாயின் கர்ப்பத்துக்குள் திரும்பப் போக முடியுமா என்று கேட்கிறார். அதே அதிகாரத்தின் 31ஆம் வசனத்தில் 'உன்னதத்திலிருந்து வருகிறவர்' என்று வாசிக்கிறோமே, அங்கேயும் இதே கிரேக்கச் சொல்தான். இரண்டாவது முறை பிறப்பது என்பதைவிட, மேலிருந்து பிறப்பது என்பதே இயேசுவின் பேச்சில் அழுத்தம் பெறுகிறது என்று நான் நினைக்கிறேன்.

அடுத்து அவர் காற்றைப் பற்றிப் பேசுகிறார். "காற்றானது தனக்கு இஷ்டமான இடத்திலே வீசுகிறது, அதின் சத்தத்தைக் கேட்கிறாய், ஆகிலும் அது இன்ன இடத்திலிருந்து வருகிறதென்றும், இன்ன இடத்துக்குப் போகிறதென்றும் உனக்குத் தெரியாது." கிரேக்கத்தில் காற்றுக்கும் ஆவிக்கும் ஒரே சொல்: 'நியூமா'. எபிரெயத்திலும் அப்படியே, 'ரூவாக்'. தமிழில் காற்று வேறு, ஆவி வேறு என்று பிரித்துச் சொல்ல வேண்டியிருப்பதால் இந்த நயம் நமக்குக் கிடைக்காமல் போகிறது. ஆனால் ஆடி மாதத்தில் பனங்காட்டு வழியே நடந்திருக்கிற எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது எளிது. ஓலைகள் சலசலக்கும், மணல் கண்ணில் அடிக்கும். காற்றை மட்டும் யாரும் பார்த்ததில்லை.

இது மறுஜென்மம்தானே? வேறு பெயரில் சொல்கிறோமா?

தமிழில் இந்தக் குழப்பம் வருவது இயல்பு. நம் மொழியில் 'மறுபிறப்பு' என்றால் இறந்தபின் இன்னோர் உடலில் பிறப்பது என்றே பெரும்பாலோர் எடுத்துக்கொள்வார்கள். வினைக்கேற்பப் பிறவி தொடர்கிறது, அந்தப் பிறவிக் கடலைக் கடந்து இறைவனடி சேர்வதே விடுதலை என்பது இம்மண்ணின் நெடிய சமயச் சிந்தனை. அங்கே பிறவி என்பது அறுபட வேண்டிய ஒன்று. கிறிஸ்தவத்தில் சொல்லப்படும் இரண்டாம் பிறப்போ வேண்டிப் பெறுகிற ஒன்று. அது சாவுக்குப் பிறகு நிகழ்வதில்லை. இதே உடலில், இதே ஊரில், இதே அம்மா அப்பாவுக்குப் பிள்ளையாக இருக்கும்போதே நிகழ்கிறது.

வேடிக்கையாகப் படலாம், ஆனால் நம் வேதாகமத்திலேயே தீத்து 3:5இல் 'மறுஜென்ம முழுக்கு' என்ற சொல் இருக்கிறது. மொழிபெயர்ப்பாளர்கள் ஊரில் புழங்கிய சொல்லை எடுத்து வேறு பொருளுக்கு ஆக்கியிருக்கிறார்கள். அந்த வசனத்தை வாசிக்கும்போது அருகில் பிற சமய நண்பர் இருந்தால் ஒரு வரி விளக்கம் சொல்லிவிடுவது நல்லது.

நான் முயற்சி செய்தால் மறுபடியும் பிறந்துவிடலாமா? என்ன செய்ய வேண்டும்?

வகுப்பில் நன்றாகப் படிக்கிற பிள்ளைதான் பெரும்பாலும் இதைக் கேட்கும். பாடத்திட்டம் கொடுத்தால் முடித்துவிடும் ஆர்வம் அதற்கு. நான் திருப்பிக் கேட்பது: "முதல் முறை பிறந்தபோது நீ என்ன செய்தாய்?" வகுப்பு சிரிக்கும், பிறகு அமைதியாகும். பிறப்பதற்குப் பிள்ளை உழைப்பதில்லை. வலி தாயினுடையது.

இயேசு இந்த உவமையைத் தேர்ந்தெடுத்ததே அதனால்தான் என்று நம்புகிறேன். 'திருந்து' என்று சொல்லியிருந்தால் நிக்கொதேமு வீட்டுக்குப் போய் இன்னும் கடுமையாக நியாயப்பிரமாணத்தைக் கைக்கொண்டிருப்பார். அதில் அவர் ஏற்கெனவே தேர்ந்தவர். 'பிற' என்றால் என்ன செய்வது? கையை விரித்து நிற்பதைத் தவிர வழியில்லை. இயேசுவுக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன் எசேக்கியேல் தீர்க்கதரிசி வழியாக வந்த வாக்கும் இதையே சொல்கிறது: "கல்லான இருதயத்தை உங்கள் மாம்சத்திலிருந்து எடுத்துப்போட்டு, சதையான இருதயத்தை உங்களுக்குக் கொடுப்பேன்." எடுப்பதும் கொடுப்பதும் அவர் செயல்.

அப்படியானால் நமக்கு ஒன்றுமே இல்லையா? விசுவாசிப்பதும் மனந்திரும்புவதும் நம்முடையவை. யோவான் 1:12இல் 'அவரை ஏற்றுக்கொண்டவர்கள்' என்று இருக்கிறதே. ஆனால் அந்த ஏற்றுக்கொள்ளுதலுக்கும் முன்பே தேவன் உள்ளே வேலை தொடங்கிவிட்டாரா, அல்லது நாம் ஏற்றுக்கொண்ட பிறகுதான் தொடங்குகிறாரா என்பதில் சபைகளுக்குள் நீண்ட விவாதம் உண்டு. அதில் எந்தப் பக்கம் நின்றாலும், 'நான் சாதித்தேன்' என்று சொல்ல இரு பக்கத்தாருமே அனுமதிப்பதில்லை.

நான் இரட்சிக்கப்பட்ட தேதி எனக்குத் தெரியாது. அப்படியானால் நான் மறுபடியும் பிறக்கவில்லையா?

இந்தக் கேள்வியைக் கண்ணீரோடு கேட்ட பிள்ளைகள் உண்டு. நானும் அப்படிக் கேட்டவன்தான். பதினாறு வயதில் ஒரு விடுமுறை முகாமுக்குப் போயிருந்தேன். கடைசி இரவில் பேசியவர், தங்கள் இரட்சிப்பின் நாளும் நேரமும் சொல்லத் தெரிந்தவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார். என்னைச் சுற்றிக் கைகள் எழுந்தன. தொட்டிலில் கிடந்த நாளிலிருந்து ஜெபத்தைக் கேட்டே வளர்ந்த எனக்குச் சொல்வதற்குத் தேதி ஒன்றும் இல்லை. அன்றிரவே அழுது ஜெபித்து, வேதாகமத்தின் முதல் தாளில் அந்தத் தேதியை எழுதினேன். அடுத்த வருடம் இன்னொரு முகாம், இன்னொரு தேதி. மூன்று தேதிகள் அந்தத் தாளில் இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் முந்தியது பொய்யோ என்ற பயத்தில்தான் அடுத்ததை எழுதினேன். ஒரு சிறுவனின் மனதில் அப்படியொரு பயத்தை விதைப்பது தவறு என்று இன்று உறுதியாகச் சொல்வேன்.

தேதி சொல்லக் கூடியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய சாட்சி உண்மை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஆங்கிலேயக் குரு ஜான் வெஸ்லி 1738 மே 24 அன்று இரவு ஒன்பதுக்குக் கால் மணி நேரம் முன்பு, லண்டனில் ஆல்டர்ஸ்கேட் தெருவில் நடந்த ஒரு கூட்டத்தில், ரோமர் நிருபத்துக்கு லூத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்பட்டபோது தம் இருதயம் விந்தையான வகையில் அனல் கொண்டது என்று குறித்து வைத்தார். அப்போது அவர் குருவாகி ஏறக்குறைய பத்து வருடம் ஆகியிருந்தது, அமெரிக்காவுக்கு ஊழியத்துக்குப் போய்த் தோற்றும் திரும்பியிருந்தார். மறுபக்கம், அமெரிக்கப் பிரசங்கியார் பில்லி கிரகாமின் மனைவி ரூத். சீனாவில் மிஷனெரிப் பெற்றோருக்குப் பிறந்து வளர்ந்தவர். தாம் விசுவாசிக்கத் தொடங்கிய நாள் எதுவென்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. உலகமெங்கும் மைதானங்களில் 'இன்றே முடிவெடுங்கள்' என்று அழைத்த அவருடைய கணவரே இதை வெளிப்படையாகச் சொல்லி, ஆனாலும் அவர் விசுவாசி என்பதில் தமக்கு ஐயமில்லை என்றார்.

என் ஆச்சிக்குத் தாம் பிறந்த தேதி தெரியாது. பெரிய மழை பெய்த வருடம் என்பார். ஆனால் விடியற்காலையில் எழுந்து, பாயிலேயே முழங்கால்படியிட்டு, எங்கள் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி ஜெபிப்பார். அவர் பிறந்தவர் என்பதற்கு வேறு சான்று யாருக்கும் வேண்டியிருக்கவில்லை.

ஞானஸ்நானம் பெற்றால் போதுமா? அதுதான் மறுபிறப்பா?

இங்கே சபைகள் பிரிகின்றன. பிள்ளைகளிடம் மறைத்துப் பயனில்லை. "ஒருவன் ஜலத்தினாலும் ஆவியினாலும் பிறவாவிட்டால்" என்று இயேசு சொன்ன ஜலம், ஞானஸ்நானத் தண்ணீரே என்று கத்தோலிக்கரும் ஆர்த்தடாக்ஸ் சபையாரும் கொள்கிறார்கள். ஞானஸ்நானத்தில் தேவன் மெய்யாகவே மறுபிறப்பைத் தருகிறார் என்பது லூத்தரன் போதனையும்கூட. பெந்தெகொஸ்தே, பாப்டிஸ்ட் சபைகளில் முதலில் மனமாற்றம், அதன் வெளிப்படையான சாட்சியாகப் பின்னர் முழுக்கு. எங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) 1947இல் பல மரபுகள் சேர்ந்து உருவானது. குழந்தைகளுக்கும் ஞானஸ்நானம் தருகிறோம், விவரமறிந்த வயதில் அந்தப் பிள்ளை தன் வாயால் விசுவாசத்தை அறிக்கையிடத் திடப்படுத்தலும் வைத்திருக்கிறோம்.

ஆதிச் சபையில் இது எப்படி நடந்தது என்பதைச் சொன்னால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். நான்காம் நூற்றாண்டில் எருசலேமில், உயிர்த்தெழுதல் திருநாளுக்கு முந்திய இரவில், ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் மேற்குத் திசை பார்த்து நின்று சாத்தானை விட்டுவிடுவதாகச் சொல்வார்கள். மேற்கு, இருள் சேரும் திசை. பிறகு கிழக்கே திரும்பி விசுவாசத்தை அறிக்கையிடுவார்கள். பழைய உடைகளை முழுவதும் களைந்து, எண்ணெய் பூசப்பட்டு, மூன்று முறை தண்ணீரில் மூழ்கி எழுவார்கள். பிறகு வெள்ளை உடை. அந்தத் தண்ணீர் உங்களுக்கு ஒரே நேரத்தில் கல்லறையாகவும் தாயாகவும் ஆனது என்று எருசலேம் பேராயர் சிரில் புதியவர்களுக்குப் போதித்தார். மிலான் நகரில், பின்னாளில் பெரிய இறையியலாளரான அகுஸ்தீன் 387இல் அந்நகரப் பேராயர் அம்புரோஸ் கையால் ஞானஸ்நானம் பெற்ற எண்கோண வடிவக் கட்டடத்தின் அடித்தளம் இன்றும் அந்நகரப் பேராலயத்தின் கீழே இருக்கிறது. எட்டுப் பக்கம், ஏழு நாளுக்கு அடுத்த எட்டாம் நாளைக் குறிக்கும்: இயேசு உயிர்த்தெழுந்த, புதுப் படைப்பு தொடங்கிய நாள்.

'போதுமா' என்பதற்கு என் பதில் இது. தண்ணீரை வெறும் சடங்கு என்று ஒதுக்குகிறவர், தேவன் தொடுவதற்குத் தேர்ந்தெடுத்த கையை ஒதுக்குகிறார். தண்ணீர் பட்டாயிற்று, இனி ஒன்றும் வேண்டாம் என்கிறவர், பிறந்த பிள்ளைக்குப் பால் வேண்டாம் என்கிறார்.

குழந்தையில் பெற்றது எனக்கு நினைவில்லை. மறுபடி எடுக்கலாமா?

எங்கள் சபையில் கிடையாது. "ஒரே ஞானஸ்நானம்" என்று எபேசியர் 4:5 சொல்கிறது. நினைவில்லை என்பது அது நடக்கவில்லை என்பதற்குச் சான்றாகாது. இதில் வேறு கருத்துள்ள சபைக்குப் போய் முழுக்குப் பெற்றுவிட்டு, பெற்றோரிடம் சொல்லப் பயந்து நிற்கும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். அவர்களைக் கடிந்துகொள்ள வேண்டாம் என்று பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறேன்.

புதிதாய்ப் பிறந்தவனுக்கு ஏன் அதே கோபம், அதே பொறாமை, அதே கெட்ட பழக்கம்?

"ஒருவன் கிறிஸ்துவுக்குள்ளிருந்தால் புதுச்சிருஷ்டியாயிருக்கிறான், பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின" என்று 2 கொரிந்தியர் 5:17 சொல்கிறது. திங்கட்கிழமை காலையில் நம்மைப் பார்த்தால் எல்லாம் புதிதானதாகத் தெரிவதில்லை.

ஜான் நியூட்டனின் வாழ்க்கையை இங்கே முழுவதும் சொல்ல வேண்டும், பாதி சொன்னால் பொய்யாகிவிடும். அவர் ஆப்பிரிக்காவில் மனிதரை வாங்கி விற்கும் வியாபாரத்தில் இருந்த ஆங்கிலேய மாலுமி. 1748 மார்ச்சில் நடுக்கடலில் புயலில் கப்பல் உடையும் நிலையில் தேவனை நோக்கிக் கூப்பிட்டார், தப்பினார், அந்த நாளை வாழ்நாளெல்லாம் நினைவுகூர்ந்தார். வழக்கமாகப் பிரசங்கங்களில் கதை இங்கே முடிந்துவிடும். உண்மையில் அதற்குப் பிறகும் அவர் அடிமைக் கப்பலில் போனார், கேப்டனாகவும் ஆனார். மேல்தளத்தில் ஜெபம், கீழ்த்தளத்தில் விலங்கு பூட்டிய மனிதர்கள். 1754இல் கடலை விட்டதும் உடல்நலக் குறைவால்தான். குருவாகி, பாடல்கள் எழுதி, புகழ் பெற்ற பிறகு, 1788இல்தான் அந்த வியாபாரத்தின் கொடுமையை அம்பலப்படுத்தித் தம் பங்கை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டு சிறுநூல் வெளியிட்டார். புயலுக்கும் அந்த நூலுக்கும் இடையே நாற்பது வருடம். புயல் நாளில் தாம் முழுப் பொருளில் விசுவாசியாகிவிட்டதாகத் தம்மால் கருத முடியவில்லை என்று அவரே பிற்காலத்தில் எழுதினார்.

இந்த நாற்பது வருடம் எனக்கு ஆறுதலையும் தருகிறது, நடுக்கத்தையும் தருகிறது. நம்மில் வேலை மெதுவாக நடக்கிறது என்பது ஆறுதல். நாம் மெதுவாகக் கற்றுக்கொண்டிருக்கும்போது அதற்கான விலையை வேறு யாரோ கீழ்த்தளத்தில் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது நடுக்கம். 'நான் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறேன்' என்று சொல்லி மனைவியை அடிக்கிற விசுவாசிக்கு நியூட்டனின் கதையைச் சாக்காகக் கொடுக்க மாட்டேன்.

பவுல் ரோமர் 7இல் "நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று அலறுகிறார். இது விசுவாசியான பவுலின் குரலா, முந்தைய நிலையை நினைத்துப் பேசுகிறாரா என்று விளக்கவுரையாளர்கள் வேறுபடுவார்கள். எபேசியர் 4இல், ஏற்கெனவே விசுவாசிகளாகிவிட்டவர்களிடம், பழைய மனுஷனைக் களைந்துபோட்டுப் புதிய மனுஷனைத் தரித்துக்கொள்ளுங்கள் என்கிறார். பிறந்தாகிவிட்டவர்களிடம் ஏன் இதைச் சொல்ல வேண்டும்? உடை மாற்றுவது தினமும் செய்ய வேண்டிய வேலை என்பதால்தான்.

'புதிய அடையாளம்' என்று பிரசங்கத்தில் சொல்கிறார்கள். எனக்கு இருக்கிற அடையாளம் என்ன ஆகும்?

பவுல் பயன்படுத்தும் சொல் நமக்கு நன்றாகத் தெரிந்தது: சுவிகாரம். ரோமர் 8:15இல் 'புத்திரசுவிகாரத்தின் ஆவி' என்கிறார். ரோமச் சமூகத்தில் சுவிகாரம் என்பது பெரும்பாலும் வளர்ந்த ஆணைத் தத்தெடுத்து வாரிசாக்குவது. ஜூலியஸ் சீசர் தம் உயிலில் ஒக்டாவியனைச் சுவிகாரம் செய்தார். அந்த இளைஞர் சீசர் பெயரைச் சூடி, சொத்துக்கு உரிமையாளராகி, பின்னாளில் பேரரசரானார். ரோம நகரத்துச் சபையார், அதிலும் அடிமைகளாயிருந்தவர்கள், இந்தச் சொல்லைக் கேட்டபோது எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். சொத்தில்லாதவன், தகப்பன் பெயர் சட்டத்தில் இல்லாதவன், 'அப்பா' என்று கூப்பிடலாம் என்கிறார் பவுல்.

பிறப்பு என்றும் சொல்கிறார்கள், சுவிகாரம் என்றும் சொல்கிறார்கள், எது சரி என்று ஒரு மாணவி கேட்டாள். இரண்டும். பிறப்பு, தகப்பனின் உயிர் உள்ளே வருவதைச் சொல்கிறது. சுவிகாரம், வீட்டில் இனி யாரும் வெளியே தள்ள முடியாத உரிமையைச் சொல்கிறது.

பெயரை மாற்ற வேண்டுமா?

வேண்டியதில்லை. தமஸ்கு வழியில் சவுல் பவுலானார் என்று ஞாயிறு பள்ளியில் படித்திருப்போம். அப்போஸ்தலர் 9ஐ மறுபடி வாசியுங்கள். மனமாற்றத்துக்குப் பிறகும் அவர் சவுலாகவே இருக்கிறார். 13ஆம் அதிகாரத்தில்தான் 'பவுல் என்று சொல்லப்பட்ட சவுல்' என்று வருகிறது. அவருக்கு யூதப் பெயர் ஒன்றும் ரோமப் பெயர் ஒன்றும் இருந்தன, புறஜாதியாரிடையே, அதாவது யூதரல்லாதவரிடையே, போனபோது ரோமப் பெயர் நிலைத்தது. ரோமர் 16இல் பவுல் வாழ்த்துச் சொல்லும் விசுவாசிகளில் ஒருவர் எர்மே. அது கிரேக்கத் தெய்வத்தின் பெயர். பிலிப்பியர் நிருபத்தின் எப்பாப்பிரோதீத்து என்ற பெயருக்குள் அப்ரோடைட் தேவதை இருக்கிறாள். அவர்களைப் பெயர் மாற்றச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

தமிழிலும் இரண்டு வழிகளும் உண்டு. 1858இல் ஞானஸ்நானம் பெற்ற கவிஞர் கிருஷ்ண பிள்ளை, ஹென்றி ஆல்ஃபிரட் என்ற பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டாலும் கிருஷ்ண பிள்ளையாகவே அறியப்பட்டார். பெரியாழ்வாரும் கம்பரும் ஊறிய தமிழில் கிறிஸ்துவைப் பாடினார். அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன், திருவிதாங்கூர் அரண்மனைப் பணியிலிருந்த நீலகண்டர் 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றபோது லாசரு என்ற பெயர் பெற்றார். தேவன் உதவினார் என்று பொருள்படும் அந்தப் பெயர் தமிழில் தேவசகாயம் ஆனது. 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் அவர் புனிதராக அறிவிக்கப்பட்டபோது, பெயரோடு வழங்கிவந்த 'பிள்ளை' என்ற பட்டம் சேர்க்கப்படவில்லை. அது சாதிப் பட்டம் என்று சுட்டிக்காட்டியவர்களின் குரலுக்குக் கிடைத்த பலன் அது. எனக்கு அது சரியாகவே படுகிறது.

சாதி?

இந்தக் கேள்வியை மட்டும் பிள்ளைகள் ஒரே சொல்லில் கேட்பார்கள், அதுவும் வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு.

கலாத்தியர் 3:28: "யூதனென்றும் கிரேக்கனென்றுமில்லை, அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை, ஆணென்றும் பெண்ணென்றுமில்லை, நீங்களெல்லாரும் கிறிஸ்து இயேசுவுக்குள் ஒன்றாயிருக்கிறீர்கள்." இதற்கு முந்திய வசனம் ஞானஸ்நானத்தைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள். தண்ணீரிலிருந்து எழுந்தவர்களைப் பற்றித்தான் இந்த வார்த்தை. இதே நிருபத்தின் 2ஆம் அதிகாரத்தையும் பாருங்கள். அந்தியோகியாவில் பேதுரு புறஜாதியாரோடு ஒரே பந்தியில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேமிலிருந்து சிலர் வந்ததும் எழுந்து தனியே போய்விட்டார். பவுல் அவரை எல்லாருக்கும் முன்பாக எதிர்த்து நின்றார். "கிறிஸ்துவுடனேகூடச் சிலுவையிலறையப்பட்டேன், ஆயினும், பிழைத்திருக்கிறேன், இனி நான் அல்ல, கிறிஸ்துவே எனக்குள் பிழைத்திருக்கிறார்" என்ற வசனத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறோமே, அது அந்தப் பந்திச் சண்டையின் தொடர்ச்சியாக எழுதப்பட்ட வாக்கியம். தனியறைத் தியானத்தில் பிறந்த வரி என்று நெடுநாள் நினைத்திருந்தேன். யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவது என்ற தகராறில் பிறந்திருக்கிறது.

நம் சபைகளின் வரலாறு இந்த இடத்தில் வலிக்கிறது. கல்கத்தாவின் பேராயர் டேனியல் வில்சன் 1833இல், சபைக்குள் சாதி வேறுபாட்டை உடனே, முற்றாக விட்டுவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சாதியை விட மனமின்றிச் சபையை விட்டார்கள். நீலகண்டர் தேவசகாயமான அதே வடக்கன்குளத்தில், 19ஆம் நூற்றாண்டில் கட்டப்பட்ட ஆலயத்தில் சாதிக்கொரு பக்கமாக மக்கள் அமர இடையே தடுப்புச் சுவர் இருந்தது. அது 1910இல் இடிக்கப்பட்டது. கல்லறைத் தோட்டங்களில் பிரிவினை இன்றும் முழுதாக ஒழியவில்லை. மண வரன் தேடும்போது 'மறுபடியும் பிறந்த பெண்' என்றும், அடுத்த வரியிலேயே சாதிப் பெயரும் கேட்டு விளம்பரம் தருகிறார்கள். அந்த இரண்டு வரிகளையும் ஒரே மூச்சில் எழுத முடிகிறவர்கள் முதல் வரியின் பொருளை உணரவில்லை என்பேன்.

இதில் இன்னொரு அநீதியும் சேர்ந்திருக்கிறது. 1950ஆம் வருடக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்தது, 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். சாதி போய்விட்டது என்று சட்டம் சொல்கிறது; தெருவும் சில நேரம் ஆலயமும் போகவில்லை என்று காட்டுகின்றன. வகுப்பு முடிந்து தயங்கி நிற்கிற அந்தப் பிள்ளைக்கு இரண்டு பக்கமும் இழப்பு. அவனிடம் கலாத்தியரை வாசித்துக் காட்டும் உரிமை, அவன் வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கே உண்டு.

எங்கள் பக்கத்து ஊர்களில் அசனப் பண்டிகை நடக்கும். ஊரே சேர்ந்து அரிசி கொடுத்து, ஒரே அடுப்பில் பொங்கி, ஒரே கறிக்குழம்பை ஒரே பந்தியில் சாப்பிடுவோம். எங்கள் முன்னோர் செய்துவைத்த நல்ல காரியங்களில் இதை முதலில் வைப்பேன்.

அப்படியானால் வீட்டுப் பழக்கவழக்கம், பண்பாடு எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டுமா?

இல்லை. பஞ்சாபில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்த சுந்தர் சிங் 1905இல் ஞானஸ்நானம் பெற்றபின் காவி உடுத்திச் சாதுவாகவே நடந்தார். கிறிஸ்துவை அறிவிக்கக் கோட்டும் காலணியும் அவருக்குத் தேவைப்படவில்லை. பிற தெய்வ வழிபாடு வேறு, பண்பாடு வேறு; எல்லைக்கோடு சில இடங்களில் மங்கலாக இருக்கும், அங்கே ஒருவரையொருவர் தீர்ப்பிடாமல் பேசிக்கொள்ள வேண்டும். இந்துவாக இருக்கும் தாய் தகப்பனை அலட்சியப்படுத்துவதை மட்டும் புதுப் பிறப்பின் அடையாளம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். "உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக" என்ற கட்டளை கிறிஸ்தவப் பெற்றோருக்கு மட்டும் என்று எழுதப்படவில்லை.

நான் மறுபடியும் பிறந்திருக்கிறேன் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

உணர்ச்சியை வைத்து அளக்காதீர்கள், அது காய்ச்சலிலும் குறையும். 1 யோவான் 3:14 ஓர் அளவுகோல் தருகிறது: "நாம் சகோதரரிடத்தில் அன்புகூருகிறபடியால், மரணத்தைவிட்டு நீங்கி ஜீவனுக்குட்பட்டிருக்கிறோமென்று அறிந்திருக்கிறோம்." பாவம் செய்தபின் முன்பு இல்லாத வலி இருக்கிறதா, மன்னிக்க முடியாதவரை மன்னிக்க வேண்டும் என்ற நச்சரிப்பு உள்ளே இருக்கிறதா, ஜெபிக்க வராவிட்டாலும் 'அப்பா' என்றாவது வருகிறதா என்று பாருங்கள். செத்தவனுக்கு வலிக்காது.

நிக்கொதேமு கடைசியில் மறுபடியும் பிறந்தாரா?

யோவான் நேரடியாகச் சொல்லவில்லை. 3ஆம் அதிகாரத்தில் "இவைகள் எப்படி ஆகும்?" என்று கேட்டதோடு அவர் குரல் நின்றுவிடுகிறது. 7ஆம் அதிகாரத்தில் பரிசேயர் நடுவே, ஒரு மனிதனை விசாரிக்காமல் தீர்ப்பளிப்பது நியாயமா என்று ஒரே ஒரு வாக்கியம் பேசி, ஏச்சு வாங்குகிறார். 19ஆம் அதிகாரத்தில் இயேசு மரித்துவிட்டார். கூடவே இருந்த சீஷர்களில் பெரும்பாலோரைக் காணவில்லை. பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்தாக வேண்டும். பிணத்தைத் தொட்டால் பஸ்காப் பண்டிகைக்குத் தீட்டு. ரோமர் கொன்ற ஒருவனுக்கு மரியாதை செய்வது பதவிக்கு ஆபத்து. அப்போது அரிமத்தியா ஊரானாகிய யோசேப்போடு நிக்கொதேமு வருகிறார். "ஆரம்பத்திலே ஒரு இராத்திரியில் இயேசுவினிடத்தில் வந்திருந்த நிக்கொதேமு" என்று யோவான் நமக்கு நினைவுபடுத்துகிறார். அடக்கத்துக்கான நறுமணப் பொருள்களான வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து ஏறக்குறைய நூறு இராத்தல் கொண்டுவந்தார். நம் கணக்கில் முப்பது கிலோவுக்கு மேல். அவ்வளவு பாரத்தை, ஊர் பார்க்க, வெளிச்சம் இருக்கும்போதே சுமந்து வந்தார்.